அக்காவின் வளவில் நின்ற கார்

ஓடாமல் கிடக்கும் மோட்டார் காருக்கு உடம்பு தேறும் என்று நான் நம்பியிருந்தேன்.

சிரிப்பவர்கள் இங்கேயே சிரித்துவிடலாம். பிறகு நேரம் கிடைக்காது. வட்டை என்கிற வயல்வெளியில் ஒரு துண்டு நிலத்தை ஒரு போகம் விதைக்காமல் விட்டால், அடுத்த போகத்தில் கதிர் கனத்துத் தலை சாயும். ஒரு நாம்பன் மாட்டை ஒரு மாதம் நுகத்தில் பூட்டாமல் விட்டால், அது நம்மையே முட்ட வரும். இந்த இரண்டையும் பார்த்து வளர்ந்தவன் நான். எட்டு வருடம் மாமரத்தடியில் ஓய்வெடுத்த கார், எழுப்பிவிட்டால் பாசிக்குடா வரைக்கும் ஒரே மூச்சில் ஓடும் என்று நான் நினைத்ததில் அதிசயம் இல்லை. அதிசயம் என்னவென்றால், அப்போது எனக்கு வயது நாற்பது.

கார் அப்பாவுடையது. எங்கள் பக்கம் வயல்காரப் பெரியவரைப் போடியார் என்பார்கள். அப்பா சின்னப் போடியார். அதாவது வயல் கொஞ்சம், பேச்சு நிறைய. மலைநாட்டில் தோட்டம் பார்த்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன காரை, நன்றாக விளைந்த ஒரு வருடத்தில் வாங்கிவந்தார். வீட்டில் ஏற்கெனவே ஒரு கரத்தை இருந்தது. மாட்டுவண்டியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கார் வந்த பிறகும் அவர் வயலுக்குக் கரத்தையில்தான் போனார். கார் கோயில் சடங்குக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும். வழியில் மாடு நின்றால் ஹாரனை அமுக்க மாட்டார். தலையை வெளியே நீட்டி “ஹோய்” என்பார். மாடு விலகும். ஹாரனுக்கு அது விலகியதே இல்லை.

கண் மூடும் முன் அவர் சொத்துப் பிரித்தது இரண்டே வாக்கியத்தில். “வளவும் வயலும் கரத்தையும் அக்காவுக்கு. கார் உனக்கு.”

இதில் அநியாயம் எதுவும் இல்லை. எங்கள் வாவிக்கரை வழக்கம் அது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போகும். ஆண்பிள்ளை கலியாணம் கட்டியதும் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். நான் பிறந்த வீடு பழுகாமத்தில், வாவியின் மேற்குக் கரையில், அது அக்காவுடையது. நான் வாழும் வீடு செட்டிபாளையத்தில், கிழக்குக் கரையில். அது என் மனைவியுடையது. இரண்டு கரையிலும் எனக்குச் சோறு உண்டு. ஒரு காரை நிறுத்தி வைக்க ஒரு கரையிலும் நிலம் இல்லை.

ஆகவே கார் அக்காவின் வளவிலேயே நின்றது. கோழிகள் பின் ஆசனத்தில் முட்டையிட்டன. நான் அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் முன் ஆசனத்தில் ஏறி, சுக்கானைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கரத்தைக்குப் புதுச் சாயம், காருக்குப் புதுக் கூரை, இரண்டும் முன்னும் பின்னுமாகக் கோயில் வீதியில் போக, ஊர் பார்த்து நிற்க வேண்டும் என்பது என் கனவு. தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவனின் சம்பளத்துக்குக் கனவு ஒன்றுதான் கட்டுப்படியானது. காரின் சாயத்துக்கு நான் எட்டு வருடமாக நிறம் தெரிவு செய்துகொண்டிருந்தேன்.

பிறகு அக்காவின் மகளுக்குத் தை மாதத்தில் கலியாணம் என்று நிச்சயமானது.

“தம்பி, கன்னிக்கால் நடுற இடம் எது தெரியுமா?” என்றாள் அக்கா. பந்தலுக்கு முதலில் நடுகிற மங்கலக் காலைச் சொன்னாள்.

“எது?”

“உன்ட கார் நிக்கிற இடம்.”

“பந்தலக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன கா?”

“மூலை பார்த்துச் சொல்லியாச்சு. கால நட்டு, உன்ட காருக்கும் சேர்த்து மஞ்சள் பூசவா? மறுகா இந்த வீட்ட புள்ளைக்குத்தான் எழுதுற. புது மாப்பிள வந்து, இது ஆர்ர கோழிக்கூடு எண்டு கேட்டா நான் என்ன மறுமொழி சொல்ல?”

“மாமாட கார் எண்டு சொல்லு.”

“அதச் சொல்லத்தான் வெக்கமாக் கிடக்கு. கன்னிக்காலுக்கு முதல் நாள் கார் இஞ்ச நிக்கப்படாது. நிண்டா, பழைய இரும்பு வாங்க வாற காக்காவக் கூப்பிட்டுக் காட்டிப்போடுவன்.”

நான் ஓடிப்போய் மனைவியிடம் நின்றேன். அவள் கறிக்கு மீன் அரிந்துகொண்டிருந்தாள். காரை இங்கே கொண்டுவரலாமா என்று கேட்டேன். கத்தி நிற்கவில்லை.

“இஞ்ச பாருங்க. ஓடி வந்தா வரட்டும், படலைய ரெண்டாத் திறந்து வைக்கிறன். மாடு இழுத்தோ ஆள் தள்ளியோ வந்தா இந்தப் படலை திறவாது. ஓடாத சாமான் ஒண்டு ஏற்கெனவே இந்த வீட்டுல சாய்மானக் கதிரையில கிடக்கு. ரெண்டாவது வேணாம்.”

விஷயம் இவ்வளவுதான். மூன்று வாரத்துக்குள் கார் தன் பலத்தில் பழுகாமத்திலிருந்து புறப்பட்டு, வாவியைத் தாண்டி, செட்டிபாளையத்தில் என் மனைவியின் படலைக்குள் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் அப்பா எனக்கென்று விட்டுப்போன ஒரே சாமான் இரும்பாக நிறுக்கப்படும்.

எனக்குப் பயம் வந்தால் தலையில் தங்காது. நேரே கைக்கு இறங்கும். அந்த வாரம் கந்தோரில் கடிதத்துக்குக் குத்த வேண்டிய முத்திரையை என் இடது பெருவிரலில் குத்திக்கொண்டேன். மறுநாளும் குத்தினேன். விரலில் இரண்டு திகதிகளோடு வீட்டுக்கு வந்து, படலையின் அகலத்தை வேட்டித் தலைப்பால் அளந்தேன். முந்தைய நாளும் அளந்திருந்தேன். படலை சுருங்கவில்லை என்பது தெரிந்ததும் கொஞ்சம் சோறு இறங்கியது.

சனிக்கிழமை பழுகாமத்துக்குப் போனால், இரும்புக் காக்கா எனக்கு முன்னரே வந்து காரைச் சுற்றிக்கொண்டிருந்தார். காத்தான்குடிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பழைய இரும்பு வாங்க வாவியின் இரண்டு கரையும் திரிகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். ஆட்டுக்கு விலை பேச வந்தவர் போலக் காரின் விலாவைத் தட்டிப் பார்த்தார்.

“இது மௌத்தாப் போன கார் மனே. குடுங்க, நான் மரியாதையா எடுத்துப் போறன்.”

“உயிர் இருக்கு காக்கா.”

“எங்க இரிக்கி? நாடியக் காட்டுங்க பாப்பம்.”

மூடியைத் திறந்தார். அதுதான் அவர் செய்த பிழை. இளவயதில் அவர் ஒரு மோட்டார்ப் பட்டறையில் கை கறுக்க வேலை செய்தவர். எஞ்சினைப் பார்த்ததும் முகம் மாறியது. தோளிலிருந்த சால்வையைக் கழற்றி மாமரக் கொப்பில் போட்டார். “இது இறுகல்லயே” என்றார். பிறகு, தனக்கே கோபம் வந்தவர் போல, “ஒரு மண்ணெண்ணெய்ப் போத்தல் எடுங்க” என்றார்.

அன்று பேசி முடித்தோம். ஓடினால் கார் எனக்கு. ஓடாவிட்டால் இரும்பு அவருக்கு. அதுவரைக்கும் வேலை இரண்டு பேருக்கும்.

குழாய்களுக்குள் குளவிகள் மண்ணால் வீடு கட்டியிருந்தன. அவற்றை ஈர்க்கால் குத்தி எடுத்தோம். கோழிகளை வெளியேற்ற ஒரு முழு நாள் போனது. ஒரு அடைகாக்கும் கோழி மட்டும் காக்காவின் கையைக் கொத்தி, தவணை வாங்கிக்கொண்டது. எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஊசிக்கண் ஊசிக்கண்ணாக ஒழுகியது. ஈயம் வைக்க வசதி இல்லை. தண்ணீரில் குரக்கன் மாவை, கேழ்வரகு மாவைத்தான், கரைத்து ஊற்றினால், சூட்டில் அது இறுகி ஓட்டையை அடைக்கும் என்றார் காக்கா. ஊற்றினோம். பிறகு எஞ்சின் ஓடத் தொடங்கியபோது அது அடைத்தது. எஞ்சின் சூடேறினால் கார் முழுவதும் கூழ் மணந்தது.

“சக்கரை கரைச்சுத் தரட்டா?” என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

இரண்டாம் உலக யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன் வேண்டும். ஓடாத காருக்குக் கூப்பன் கிடையாது. கூப்பன் இல்லாமல் கார் ஓடாது. இந்த வட்டத்துக்குள் நான் இரண்டு நாள் சுற்றினேன். மூன்றாம் நாள் காக்கா ஒரு போத்தல் பெட்ரோலைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். எங்கே எடுத்தது என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். பெட்ரோலில் எழுப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது அவருடைய ஏற்பாடு.

முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினோம். அவர் சுற்றினார், நான் சுற்றினேன், அக்கா வந்து “தள்ளுங்க” என்று ஒரு சுற்றுச் சுற்றினாள். கார் இருமியது, தும்மியது, கறுப்பாக ஒரு முறை துப்பியது. பிறகு உறுமத் தொடங்கியது. அடைகாத்த கோழி கூரைக்கு மேலால் பறந்தது. நான் கையைத் தட்டிக்கொண்டு வளவைச் சுற்றி ஓடினேன். காக்கா மட்டும் சோர்ந்த முகத்தோடு நின்றார். நல்ல இரும்பு உயிர் பிழைத்துவிட்டதே என்ற கவலை அவருக்கு.

மிஞ்சியது டயர். முன் இரண்டும் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு எப்படியோ காற்றைப் பிடித்தன. பின் இரண்டுக்கும் உள்ளே டியூப் இல்லை. கையில் எடுத்தால் பொடியாகக் கொட்டியது. கடைகளில் டயரும் இல்லை, டியூபும் இல்லை. எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. வைக்கோல் திணித்துப் பார்த்தோம். வளவை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அமுங்கி அப்பளமானது. கன்னிக்காலுக்கு இன்னும் ஐந்து நாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வெளித்தது. அரிசி மூட்டை அமுங்குமா? நெல் மூட்டை அமுங்குமா? மூட்டையின் மேல் மூட்டை அடுக்கி, அதன் மேல் ஆள் ஏறி நிற்கிறானே!

“நெல்லு திங்கிற சாமான் மனே” என்றார் காக்கா. “அதுக்கு மேல ஏறி ஓடுறதா?”

“ஓடி முடிஞ்சதும் எடுத்துக் குத்திச் சோறாக்கலாம் காக்கா. ஒரு மணியும் வீணாப் போகாது.”

அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. ஆனால் கார் வளவைவிட்டுப் போக வேண்டுமே. “அறைக்குள்ள பூச்சி குத்தின நெல்லு ரெண்டு சாக்கு கிடக்கு, அத எடு. வெள்ளத்துணி கட்டின சாக்குப் பக்கம் போகாத. அது விதை நெல்லு. தொட்டியோ, கலியாணத்துக்கும் வராத.”

அறைக்குள் போனேன். பூச்சி குத்திய நெல்லைக் கையில் அள்ளினேன். பஞ்சு மாதிரி இருந்தது, பாதி வெறும் கோது. வெள்ளைத்துணிச் சாக்கை அவிழ்த்து அள்ளினேன். திரண்டு, கனத்து, விரலிடுக்கில் நழுவியது. ஒரு பின்சக்கரத்துக்கு வேண்டிய எல்லா லட்சணமும் அதற்கு இருந்தது. பூச்சி நெல்லை வெள்ளைத்துணிச் சாக்கில் மாற்றிக் கட்டிவைத்துவிட்டு, விதைநெல்லை வெளியே தூக்கிவந்தேன். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. காக்காவும் நானும் டயரின் விளிம்பைத் தூக்கித் தூக்கி, அகப்பைக் காம்பால் இடித்து இடித்து, இனி ஒரு மணியும் போகாது என்ற மட்டத்துக்கு நிரப்பினோம்.

கார் ஓடியது. குலுங்கிக் குலுங்கி, கூழ் மணத்தோடு, அக்காவின் படலையைத் தாண்டி ஓடியது. நான் ஓட்டினேன். காக்கா பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு இருந்தார். வழியில் ஒரு மாடு நின்றது. ஹாரன் வேலை செய்யவில்லை. “ஹோய்” என்றேன். விலகியது.

வாவியைக் கடக்க, இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்த மிதவை ஒன்று இருந்தது. அதை எங்கள் பக்கம் பாதை என்பார்கள். மழைக் காலம் முடிகிற நேரம். வாவி நிரம்பி, பாதை அணையும் இடம் முழங்கால் தண்ணீருக்குள் இருந்தது. காரைத் தண்ணீருக்குள் இறக்கி, பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பாதைக்காரர் கையைக் காட்டித் தடுத்தார்.

“வாடை அடங்காம கார ஏத்த மாட்டன் ஐயா. ஆள் விழுந்தா நீந்தும். கார் நீந்துமா?”

“எப்ப அடங்கும்?”

“அது என்னட்டச் சொல்லிப்போட்டா அடிக்குது?”

திரும்பி எடுக்கலாம் என்றால், பின்னால் போகிற கியர் எட்டு வருட ஓய்வில் தன் தொழிலை மறந்திருந்தது. தள்ளலாம் என்றால் நெல் டயர்கள் சேற்றில் இறங்கிவிட்டன. காற்று அன்று அடங்கவில்லை. மறுநாளும் அடங்கவில்லை. கந்தோருக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். பொய் என்று சொல்ல முடியாது, உடம்பு நடுங்கத்தான் செய்தது. கரையில் அங்கும் இங்கும் நடந்தேன். எதிர்க்கரையைப் பார்த்தேன். அக்காவின் வளவில் பந்தல் கம்புகள் வந்து இறங்கிவிட்டன என்று தோணியில் போகிறவர்கள் சொல்லிப்போனார்கள். சிலர் சேறு தெறிக்காமல் தள்ளி நின்று, “என்ன போடியார், கார் குளிக்குதா?” என்றார்கள்.

“சோப்பு வாங்க ஆள் அனுப்பியிருக்கு” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை காற்று விழுந்தது. சேற்றைத் தோண்டி, பத்துப் பேர் தோள் கொடுத்து, காரைப் பாதையில் ஏற்றினோம். தண்ணீரைவிட்டு ஏறிய பின்சக்கரங்களை நான் குனிந்து தடவிப் பார்த்தேன். இரண்டும் புடைத்து, வழுவழுவென்று உருண்டு, தோல் விறைத்து நின்றன. புதுக் காரிலும் இப்படி ஒரு டயரை நான் கண்டதில்லை.

காக்கா விரலால் சுண்டினார். “கல்லு மாதிரி இரிக்கி. என்ன மனே இது?”

“தண்ணியில நிண்டு றப்பர் இறுகிப்போச்சு காக்கா.”

நான் போடியார் மகன். விதைநெல்லை ஊறப்போட்டு, கட்டிவைத்து, முளை கண்டதும் எடுத்து விதைப்பதைப் பிறந்த நாளிலிருந்து பார்த்தவன். ஆனாலும் அது என் மண்டையில் ஏறவில்லை. சாக்குக்குள் இருந்தால்தான் எனக்கு அது நெல். டயருக்குள் போனதும் அது காற்றாகிவிட்டது.

கிழக்குக் கரையில் எஞ்சின் இரண்டாம் சுற்றிலேயே பிடித்தது. தெருவெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என் முதுகு தானாக நிமிர்ந்தது. வீட்டுத் திருப்பம் வந்ததும் காக்காவை இறக்கிவிட்டு, “முன்னால ஓடிப்போய்ப் படலையத் திறக்கச் சொல்லுங்க” என்றேன். இறங்கி நடந்தாலே அவர் காரை முந்திவிடுவார், ஆனாலும் ஓடினார். திருப்பத்தில் திரும்பினேன். தூரத்தில் படலை தெரிந்தது. இரண்டு பக்கமும் அகலத் திறந்திருந்தது. நடுவில் என் மனைவி, கையை இடுப்பில் வைத்தபடி. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று காக்கா பிறகு சொன்னார். அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

ஏனென்றால் அந்த நேரத்தில்தான் பின்பக்கம் வெடித்தது.

அந்த மாதங்களில் எங்கள் எல்லோருக்கும் வானத்தைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. தேங்காய் விழுந்தாலும் நிமிர்ந்து பார்ப்போம். இது தேங்காய்ச் சத்தமில்லை. முதுகுக்குப் பின்னால் பூமி பிளந்த மாதிரி ஒரு சத்தம். தொடர்ந்து சரசரவென்று பிடரியில் என்னவோ வந்து அடித்தது. “குண்டு!” என்று கத்தினேன். ஓடுகிற காரிலிருந்து குதித்து, தெருவோர வாய்க்காலில் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டேன். எல்லோரையும் படுக்கச் சொல்லிக் கத்தினேன். ஒருவரும் படுக்கவில்லை.

பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. இரும்பு மரத்தில் மோதுகிற சத்தம். இரண்டாவது குண்டு என்று நினைத்து இன்னும் ஆழமாகப் புதைந்தேன்.

என் தலைமாட்டில் மனைவியின் குரல் கேட்டது. “எழும்புங்க. குண்டு இல்ல. நெல்லு.”

எழும்பினேன். தெரு நீளத்துக்கு நெல் சிதறிக் கிடந்தது. காக்கைகள் அதற்குள் வந்துவிட்டன. என் தலைமயிரிலும் சட்டைக்குள்ளும் நெல். அவள் என் காதோரத்திலிருந்து ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

“இது விதை நெல்லுதானே? ஆர்ர?”

“அக்காட.”

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய்க் கடகமும் விளக்குமாறும் எடுத்துவந்து தெருவைக் கூட்டத் தொடங்கினாள். முளைத்த நெல் காத்திருக்காது. அன்று மாலைக்குள் கிணற்றடிக்குப் பின்னால் இருந்த ஈரத் துண்டில் தூவிவிட்டாள்.

காக்கா காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நெடுநேரம் எஞ்சினில் கையை வைத்துப் பார்த்தார். “இப்ப மௌத்துதான் மனே” என்றார்.

இத்தனை வருடமும் நான் எல்லோரிடமும் டயர் வெடித்ததால்தான் கார் போனது என்று சொல்லிவந்திருக்கிறேன். அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன். அது உண்மையில்லை. ஒரு டயர் வெடித்த பிறகும் கார் படலையை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது அடி மிச்சம். சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்திருந்தால் உள்ளே போயிருக்கும். நான் குதித்தேன். சுக்கானில் ஆள் இல்லாத கார் படலைத் தூணுக்குப் பக்கத்தில் நின்ற தென்னையில் மோதி எஞ்சின் பிளந்து நின்றது. மறுநாள் காக்கா அதைக் கழற்றி, அக்காவின் கரத்தையைக் கேட்டு வாங்கி, இரண்டு நடையில் ஏற்றிக்கொண்டு போனார். குறித்த நாளில், குறித்த இடத்தில் கன்னிக்கால் நட்டார்கள்.